கணினித் தாளில் பங்கு விலை: ஒரு வீட்டுக் கணக்கின் கதை

(எங்கள் நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் ஃபோன் செய்து, "ஆன்லைனில் வரும் பங்கு விலையைக் கணினித் தாளில் தானாக வரவழைத்துக் கணக்கு வைத்திருக்கிறீர்களாமே, நம் மெம்பர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. 1970-இல் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் முடித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, ஃபைல்களோடு நாற்பது வருஷம் வாழ்ந்து ரிடையர் ஆனவன். கம்ப்யூட்டரை முதலில் தொட்டதே ஐம்பது வயதுக்கு மேல்தான். ஆகவே என்னால் முடிந்தது இங்கே இருக்கும் எல்லோராலும் முடியும். அந்த ஒரு தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கேட்க வந்தவர்கள் காபி சாப்பிட்டுவிட்டுத் தாராளமாகக் கிளம்பலாம். அந்த ஞானம் எனக்கு இல்லை. சர்க்கார் ஊழியர் நடத்தை விதிகள், 1964-இன் பதினாறாவது விதி, பங்குகளில் ஸ்பெகுலேஷன் கூடாது என்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதையே ஸ்பெகுலேஷன் என்று கருதும். எப்போதாவது சேமிப்பாக வாங்கி வைத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. அந்தப் பழக்கமே எனக்கு ஒட்டிக்கொண்டது. வாங்கியது வாங்கியபடி பல வருஷம் இருக்கும். என் பிரச்சினை வாங்குவதிலோ விற்பதிலோ இல்லை. என்னிடம் என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று எனக்கும் என் வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் தமையனார் 2016-இல் காலமானார். என்னைவிடப் புத்திசாலி. எண்பதுகளிலேயே பேப்பரில் வரும் விளம்பரத்தைப் பார்த்து அப்ளிகேஷன் போட்டுப் பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கினவர். கணக்கு எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுநாள், மன்னி ஒரு தகரப் பெட்டியை என் முன்னால் வைத்து, "அம்பி, இதுல என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை" என்றாள். திறந்து பார்த்தேன். மஞ்சளேறிய ஷேர் சர்ட்டிஃபிகேட்டுகள், மாற்றாமல் காலாவதியான டிவிடெண்ட் வாரண்டுகள், மூன்று பழைய விலாசங்களுக்கு வந்த கடிதங்கள். சில கம்பெனிகளின் பெயர் மாறிவிட்டது. சில வேறொன்றோடு சேர்ந்துவிட்டன. ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்தப் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு, அதாவது ஐ.இ.பி.எஃப்.-க்குப் போய்விடும். அப்படியும் சில போயிருந்தன. அவற்றைத் திரும்பப் பெற ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம் போட்டு, வாரிசுச் சான்றிதழ், அஃபிடவிட், கையெழுத்து அட்டெஸ்டேஷன் என்று நானும் மன்னியும் மூன்று வருஷம் அலைந்தோம். கிடைத்தவை கிடைத்தன. இரண்டு கம்பெனிகளின் காகிதம் மட்டும் இன்னும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.

அன்று ராத்திரி என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். என் நிலைமையும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ஒரு நீளமான நோட்டுப் புத்தகம். அதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேப்பரின் பங்குப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பென்சிலால் எழுதின விலைகள். என் கையெழுத்து எனக்கே சில இடங்களில் புரியவில்லை. ஆத்துக்காரிக்கு எப்படிப் புரியும்? அன்று ஆரம்பித்ததுதான் இந்தக் கணினித் தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாள். கூகுள் ஷீட்ஸ் இலவசம். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது ஏற்கெனவே இருக்கிறது. புதுத் தாள் திறந்து முதல் வரியில் தலைப்புகள் எழுதுங்கள். ஏ பத்தியில் கம்பெனியின் பெயர். பி பத்தியில் அதன் குறியீடு. சி பத்தியில் எத்தனை பங்குகள். டி பத்தியில் வாங்கிய தேதி. இ பத்தியில் மொத்தம் கொடுத்த தொகை. எஃப் பத்தியில் இன்றைய விலை. ஜி பத்தியில் இன்றைய மதிப்பு. ஹெச் பத்தியில் எந்த டீமேட் கணக்கு, நாமினி யார். ஐ பத்தி குறிப்புக்கு. கடைசி இரண்டையும் சாதாரணமாக யாரும் போடுவதில்லை. தகரப் பெட்டியைப் பார்த்தவன் போடுவான்.

பி பத்தியில் போடும் குறியீடுதான் சூட்சுமம். நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. இன்ஃபோஸிஸுக்கு ஐ, என், எஃப், ஒய் என்ற நான்கு எழுத்துக்கள். ஐ.டி.சி.க்கு அதன் மூன்று எழுத்துக்களே. அதற்கு முன்னால் எந்த எக்ஸ்சேஞ்ச் என்று சொல்ல வேண்டும். ஆகவே என், எஸ், இ, பிறகு மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்கும் கோலன் குறி, பிறகு ஐ, டி, சி. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல். பம்பாய் எக்ஸ்சேஞ்ச் விலை வேண்டுமானால் பி, ஓ, எம், கோலன், அதன்பின் ஆறு இலக்க எண். இன்ஃபோஸிஸுக்கு 500209, ஸ்டேட் பாங்குக்கு 500112.

இப்போது எஃப் பத்தியில் இரண்டாவது வரியில் கர்சரை வையுங்கள். சமக்குறி போடுங்கள். அதை ஒட்டி கூகுள் ஃபைனான்ஸ் என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து அடியுங்கள். அடைப்புக்குறி திறந்து, பி2 என்று எழுதி, அடைப்புக்குறியை மூடி, என்டர் தட்டுங்கள். ஒரு க்ஷணம் "லோடிங்" என்று காட்டும். பிறகு அந்த நாளைய விலை வந்து உட்காரும். முதல் தடவை அது வந்தபோது, காலேஜ் லாபில் கால்வனாமீட்டர் முள் அசைந்ததைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

ஜி பத்தியில் சமக்குறி, சி2, நட்சத்திரக் குறி, எஃப்2. பங்குகளின் எண்ணிக்கையை விலையால் பெருக்கு என்று அர்த்தம். இந்த இரண்டு கட்டங்களையும் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளுக்கும் அதுவே நகலாகும். கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. முடிந்தது. இரண்டு மணி நேரப் பூதக்கண்ணாடி வேலை இரண்டு நிமிஷத்தில் ஆகிவிடும்.

விலை வராமல் "என்.ஏ." என்று பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் குறியீடு தப்பாக இருக்கும், அல்லது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஃபார்முலாவை அப்படியே ஒட்டினால் இன்னொரு தொல்லை. மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். தாளுக்கு நேர்க்குறிதான் புரியும். கையால் அடிப்பதே உத்தமம்.

இன்னொரு சின்ன உபாயம். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, அதே ஃபார்முலாவில் பி2-க்குப் பிறகு ஒரு கமா போட்டு, நேர் மேற்கோள் குறிகளுக்குள் ட்ரேட்டைம் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதுங்கள். கடைசியாக வியாபாரம் நடந்த தேதியும் நேரமும் வரும். எல்லா வரியிலும் இன்றைய தேதி இருக்க, ஒன்றில் மட்டும் மூன்று மாதம் முந்தைய தேதி இருந்தால், அந்தக் கம்பெனிக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பெயர் மாறியிருக்கலாம். ஜொமாட்டோ 2025-இல் எடர்னல் ஆனபோது அதன் குறியீடும் மாறியது. அல்லது இன்னொரு கம்பெனியோடு இணைந்திருக்கலாம். தகரப் பெட்டியில் தூங்கும் காகிதம் இந்த மாதிரி எச்சரிக்கை கொடுக்காது.

இந்த விலை அந்த நொடியின் விலை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இருபது நிமிஷம் வரை தாமதமாக இருக்கலாம் என்று கூகுளே அறிவித்திருக்கிறது. வெர்னியர் காலிப்பரில் ரீடிங் எடுத்தவர்களுக்குத் தெரியும், கருவியின் லீஸ்ட் கவுண்ட் என்ன என்று தெரியாமல் ரீடிங்கை எழுதக் கூடாது. வீட்டுக் கணக்குக்கு இருபது நிமிஷம் ஒரு பொருட்டே இல்லை. வாங்க, விற்க இதை நம்பக் கூடாது. அதற்கு உங்கள் புரோக்கரின் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸெல் பழகினவர்கள் இதையே அதிலும் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், கம்பெனிப் பெயர்களை எழுதி, அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, மேலே டேட்டா என்ற பகுதியில் ஸ்டாக்ஸ் என்பதை அழுத்தினால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டிடப் படம் வரும். அதன் வழியாக விலையைப் பக்கத்துக் கட்டத்தில் இறக்கலாம். பழைய விலைகள் வேண்டுமானால் ஸ்டாக்ஹிஸ்டரி என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதில் எக்ஸ்சேஞ்சின் பெயருக்கு முன்னால் ஓர் எக்ஸ் சேர்க்க வேண்டும். எக்ஸ், என், எஸ், இ என்றால் நேஷனல். எக்ஸ், பி, ஓ, எம் என்றால் பம்பாய்.

சந்தா இல்லாமல் பழைய எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி. இரண்டு எக்ஸ்சேஞ்சுகளும் தினமும் சந்தை முடிந்தபின் சாயங்காலம் ஒரு பெரிய பட்டியலை வெளியிடுகின்றன. அதற்கு பாவ்காபி என்று பெயர். ஹிந்தியில் 'பாவ்' என்றால் விலை என்று நாக்பூர்வாசிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சப்ஜி வாங்கும்போது தினம் கேட்கிற சொல்தானே! அதை இலவசமாக இறக்கிக்கொண்டு எக்ஸெலில் திறந்தால், அன்றைய ஆரம்ப விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பங்குக்கும் ஐசின் என்ற பன்னிரண்டு இடக் குறியும் இருக்கும். கம்பெனியின் பெயர் மாறினாலும் ஐசின் மாறாது. பங்கின் முகமதிப்பைப் பிரித்தால் புது ஐசின் வரும். உங்கள் தாளில் ஐசினை எழுதி வைத்துக்கொண்டு, விலுக்கப் என்ற ஃபங்ஷனால் பட்டியலிலிருந்து விலையை எடுக்கலாம். மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஆம்ஃபி என்ற ஃபண்டுகளின் சங்கம், எல்லாத் திட்டங்களின் யூனிட் மதிப்பையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகத் தன் வலைத்தளத்தில் தினமும் வெளியிடுகிறது. அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட வரிகள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் எண். எக்ஸெலில் திறக்கும்போது பிரிக்கும் குறி அரைப்புள்ளி என்று சொன்னால் தனித்தனிப் பத்தியாக விழும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரே திட்டத்துக்கு டைரக்ட், ரெகுலர், க்ரோத், ஐ.டி.சி.டபிள்யூ. என்று நாலைந்து வரி இருக்கும். உங்கள் ஸ்டேட்மெண்டில் உள்ள ஐசினோடு ஒப்பிட்டுச் சரியான வரியை எடுங்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பாகம். இனி நான் கற்ற பாடங்கள்.

2021-இல் எனக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. "நான் பார்த்துக்கறேன்" என்று ஆத்துக்காரி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை தாளைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாள் இருந்த மொத்தத்தில் சுமார் இரண்டு லட்சம் ரூபாயைக் காணோம்! ஒரு பங்கின் விலை ஒரே ராத்திரியில் பாதியாகியிருந்தது. எனக்குச் சொன்னால் பிரஷர் ஏறும் என்று சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்கு ஃபோன் செய்தாள். அவனுக்கும் உடனே புரியவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல், தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டோம் என்று அழுதிருக்கிறாள். முகத்தைப் பார்த்து நான் கிளறிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "ஏன்னா, நான் ஒண்ணும் பண்ணலே" என்றாள்.

அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் அறிவித்திருந்தது. போனஸ் தேதியன்று விலை ஏறக்குறைய பாதியாகும். பங்குகள் இரண்டு மடங்காகும். விலை தானாகத் தாளுக்கு வந்துவிட்டது. பங்கின் எண்ணிக்கை தானாக வராது; அதை நாம்தான் சி பத்தியில் மாற்ற வேண்டும். நான் மாற்றி வைக்கவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. லாப் பாஷையில் இது ஜீரோ எர்ரர். கருவி சரியாகத்தான் அளக்கிறது. ஆரம்பப் புள்ளி நகர்ந்துவிட்டது. தப்பு என்னுடையது.

இந்த மாதிரி நிகழ்வுகள் அபூர்வம் என்று நினைக்காதீர்கள். இன்ஃபோஸிஸ் 2014, 2015, 2018 ஆகிய மூன்று வருஷங்களிலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. 2014 ஆரம்பத்தில் நூறு பங்கு வைத்திருந்தவரிடம் 2018 கடைசியில் எண்ணூறு இருக்க வேண்டும். தாளில் நூறு என்றே இருந்தால் எட்டில் ஒரு பங்கு சொத்துதான் கண்ணுக்குத் தெரியும். 2023 ஜூலையில் ஹெச்.டி.எஃப்.சி. கம்பெனி அதன் பாங்கோடு இணைந்தபோது, 25 பங்குக்கு 42 பாங்குப் பங்கு கிடைத்தது. நூறு வைத்திருந்தவருக்கு 168. 2025 ஜனவரியில் ஐ.டி.சி.யின் ஹோட்டல் பிரிவு தனிக் கம்பெனியானபோது பத்துக்கு ஒன்று புதுப் பங்கு வந்தது. இவை எல்லாம் டீமேட் கணக்குக்குத் தானாக வரும். 2024 அக்டோபர் முதல் போனஸ் பங்குகள் ரெகார்டு தேதிக்குப் பிறகு இரண்டாவது வேலை நாளிலேயே வியாபாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது செபியின் விதி. ஆனால் நம் தாளுக்குத் தானாக வராது.

ஆகவே அடியில் இரண்டாவது தாள் ஒன்று சேர்த்தேன். அதற்கு நிகழ்வுகள் என்று பெயர். தேதி, கம்பெனி, என்ன நடந்தது, முன்பு எத்தனை, பின்பு எத்தனை. ஆப்சர்வேஷன் நோட்டில் பழைய ரீடிங்கை அழிக்கக் கூடாது, கோடு போட்டுப் பக்கத்தில் எழுது என்று எங்கள் புரொஃபஸர் சொல்வார். அதே மாதிரிதான். தவிர, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, டெபாசிட்டரி மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்டோடு எண்ணிக்கையை ஒவ்வொரு வரியாக டிக் செய்துவிடுவேன். ஆடிட் பார்ட்டி வந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருமான வரி. இதில் தப்பு செய்தால் ரூபாயாகவே நஷ்டம். 2018 ஜனவரி 31-க்கு முன்பு வாங்கிய லிஸ்டான பங்குகளை இப்போது விற்றால், அந்த நாளின் உச்ச விலை நமக்கு ஒரு கவசம். சட்டம் சொல்வதைத் தாளின் பாஷையில் சொன்னால் ஒரே வரி. அந்த நாளின் உச்ச விலை, விற்ற விலை, இரண்டில் எது குறைவோ அதை எடு. அதையும் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதுவே அடக்க விலை. மின், மேக்ஸ் என்ற இரண்டு ஃபங்ஷன்கள் போதும். உதாரணமாக, நூறு ரூபாய்க்கு வாங்கியது. 2018 ஜனவரி 31-இல் உச்சம் நானூறு. இப்போது அறுநூறுக்கு விற்கிறீர்கள். அடக்கம் நானூறு, லாபம் இருநூறுதான். முன்னூற்றைம்பதுக்கு விற்றால் அடக்கமும் முன்னூற்றைம்பது. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை விலக்கு.

அந்தப் பழைய விலையையும் கூகுள் ஃபார்முலாவால் வரவழைக்கலாம். குறியீட்டுக்குப் பிறகு ஹை என்ற சொல்லும் தேதியும் கொடுத்தால் போதும். ஆனால் இங்கேதான் பள்ளம் இருக்கிறது. இப்படி வரும் பழைய விலை, பின்னால் நடந்த போனஸுக்கும் பிரிப்புக்கும் ஏற்பக் குறைக்கப்பட்டே வருவது வழக்கம். வரைபடம் போட அது சரி. வரிக் கணக்கில், 2018 ஜனவரிக்குப் பிறகு வந்த போனஸ் பங்குக்கு அடக்க விலை பூஜ்யம். மூலப் பங்குக்கு அந்த நாளின் முழு விலை. குறைத்த விலையை மூலப் பங்குக்குப் போட்டால் நம் கவசம் பாதியாகி, கட்ட வேண்டாத வரியைக் கட்டுவோம். ஆகவே அந்த ஒரு நாளுக்கு மட்டும் எக்ஸ்சேஞ்சின் அன்றைய பாவ்காபியைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தொகையானால் ஆடிட்டரைக் கேளுங்கள்.

மூன்றாவது பாடம். இலவசமாக வருவது என்றைக்கும் வரும் என்று நம்ப வேண்டாம். 2017-இல் அப்படி ஓர் இலவச விலைச் சேவை நின்றுபோய், உலகம் பூராவும் எத்தனையோ பேருடைய தாள்கள் ஒரே நாளில் வெறும் பிழைச் செய்தியாகிவிட்டன. ஆகவே வருஷா வருஷம் மார்ச் 31-ஆம் தேதி, தாள் முழுவதையும் இன்னொரு தாளில் நகல் எடுத்து, ஃபார்முலா இல்லாமல் மதிப்பு மட்டும் ஒட்டும் முறையில் ஒட்டி, ஒரு காகிதப் பிரதியும் எடுத்து அலமாரியில் வையுங்கள். மின்சாரம் போனாலும் காகிதம் இருக்கும்.

நான்காவது பத்திரம். தாளில் பாஸ்வேர்டு, பின் நம்பர், ஓ.டி.பி. சம்பந்தமானது எதையும் எழுதவே கூடாது. பிள்ளைக்கோ பெண்ணுக்கோ பகிரும்போது அவர்கள் மின்னஞ்சலை மட்டும் கொடுத்து, பார்க்க மட்டும் அனுமதி தாருங்கள். லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாளைச் சரி செய்து தருகிறேன், ஸ்க்ரீனைக் காட்டுங்கள் என்று முகம் தெரியாதவர் கூப்பிட்டால் ஃபோனை வைத்துவிடுங்கள்.

கடைசிப் பாடம் தாளைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. கொரோனா பயத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி, அதாவது 13 சதவீதம் விழுந்தது. பேப்பர் காலமாக இருந்தால் அடுத்த நாள் காலைதான் எனக்குத் தெரிந்திருக்கும். தாள் இருந்ததால் காலையிலிருந்து இருபது தடவை திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மொத்தம் குறைந்துகொண்டே வந்தது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று புரோக்கர் நம்பரைத் தேடினேன். ஆத்துக்காரி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பணத்தை இன்னிக்கு நாம செலவு பண்ணப் போறோமா?" இல்லை என்றேன். "பென்ஷன் வந்துடுத்தோன்னோ?" வந்துவிட்டது என்றேன். "அப்போ மூடி வையுங்கோ" என்றாள். மூடி வைத்தேன். விற்கவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் சந்தை பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. எப்போதும் அப்படித்தான் ஆகும் என்று சொல்ல வரவில்லை. பயத்தில் எடுக்கும் முடிவுக்கு ஓடுகிற எண்கள் தூபம் போடும் என்பதைத்தான் சொல்கிறேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் தாளைத் திறக்கிறேன். பழைய பூதக்கண்ணாடி நேரம் அதே. வேலை மட்டும் சுருங்கிவிட்டது.

இப்போது அந்த ஞாயிறு காலையில் மௌஸ் என் கையில் இல்லை. ஆத்துக்காரிதான் திறக்கிறாள், நான் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, இந்த வரியில தேதி மட்டும் பழசா இருக்கே, பேர் மாறியிருக்குமோ?" என்றாள். பார்த்தேன். மாறித்தான் இருந்தது. எனக்கு முன்னால் அவள் கண்ணில் பட்டுவிட்டது. அந்தத் தாளை ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். மன்னி பட்ட கஷ்டம் அவளுக்கு வராது என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் விலையை வரவழைக்க அவசரப்பட வேண்டாம். முதலில் ஏ, சி, ஹெச் பத்திகளை நிரப்புங்கள். என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, நாமினி யார். அதையும் தனியாக உட்கார்ந்து செய்யாமல் ஆத்தில் இருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். விலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டும். சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். லாப்டாப் கொண்டுவந்திருக்கிறேன், உட்கார்ந்து செய்து பார்க்கலாம்.